பால், ஹாலு, மில்க்: கோத்தகிரி மலையில் ஐந்து நாள்

ஈரோட்டில் பன்னிரண்டு வருஷமாக வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2014இல் என்னிடம் படித்த ஒரு மாணவி, நீலகிரி மலையின் படுகர் சமூகத்துப் பெண், இப்போது கோவையில் நர்ஸாக இருக்கிறாள். “ஒரு வாட்டி எங்க ஹட்டிக்கு வாங்க மிஸ்” என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவாள். ஹட்டி என்றால் படுகு மொழியில் ஊர். இந்த வருஷம் அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டு ஓய்வு தேவைப்பட்டது. கிளம்பிவிட்டேன். ஓய்வு மட்டும் கிடைக்கவில்லை. அங்கே இரவு இரவாக எழுதி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன்.

பிப்ரவரி 6, 2025, வியாழன் – மேட்டுப்பாளையம், கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் காலை பத்து மணிக்கே வெயில் சுளீரென்று அடித்தது. ஊட்டிக்குப் போகிற கூட்டமெல்லாம் குன்னூர் பஸ்ஸை நோக்கி ஓட, கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரமே கிடைத்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டியவர்கள், விடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். தமிழ் மாதிரி இருந்தது. கன்னடம் மாதிரியும் இருந்தது. ஒரு வார்த்தை பிடிபட்டதும் அடுத்தது நழுவிப் போகும். கண்டக்டர் என்னிடம் தமிழில் சில்லறை கேட்டுவிட்டு, அதே மூச்சில் அவர்களிடம் திரும்பிப் படுகில் ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரே பஸ்ஸுக்குள் எனக்கொரு மொழி, அவர்களுக்கொரு மொழி. தமிழ்நாட்டுக்குள்ளேயே எனக்கு மொழி புரியாமல் போன முதல் பயணம் இது.

குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் சோதனை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள். இது தெரிந்தும் மறந்துபோய்க் கொண்டுவந்தது என் தப்புதான். அங்கிருந்து வளைவு வளைவாக ஏற ஏறத் தொண்டை வறண்டது. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, தன் சில்வர் பாட்டிலை நீட்டினார். “வெந்நிங்க, சளிக்கு நல்லது.” என் குரல் கட்டியிருப்பதை எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. இறங்கும்போது ஒரு கை பச்சை அவரைக்காயும் என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

கோத்தகிரியில் இறங்கினால் நடுப்பகலிலும் காற்று சில்லென்று காதுக்குள் போகிறது. பஸ் ஸ்டாண்டு எதிரே டீ 12 ரூபாய், வர்க்கி கால் கிலோ 60 ரூபாய். இந்த ஊர்ப் பெயரே இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களிடமிருந்து வந்தது, கோத்தர் கேரிதான், அதாவது கோத்தர் தெருதான், கோத்தகிரி ஆனது என்கிறார்கள். மாணவி வந்து அழைத்துப் போனாள். ஆட்டோ 200 ரூபாய், பேரம் கிடையாது.

ஹட்டியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக. வெள்ளைச் சுவர், நீல ஓரம். முன்னால் எல்லோருக்கும் பொதுவான நீண்ட முற்றம், அதற்குக் கீழே சரிந்து இறங்கும் தேயிலை. வாசலில் அவளுடைய ஹெத்தெ, அதாவது பாட்டி, உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. மாணவி குனிந்து தலையை நீட்ட, அவர் கை வைத்து, பாட்டு மாதிரி இழுத்து ஒரு வாழ்த்துச் சொன்னார். நானும் குனிந்தேன். எனக்கும் முழுசாகச் சொன்னார். “ஒண்ணு ஆயிரமாகட்டும்னு வரும் மிஸ், அப்புறம் நிறைய இருக்கு, எனக்கே பாதி வராது” என்றாள்.

நர்ஸாக நாலு ஊர்ப் பேஷண்டிடம் நாலு மொழி பேசுகிறவள் அவள். பாட்டியின் வாழ்த்தில் பாதி அவளுக்கு வராது என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி – ஹட்டி

காலை ஆறு மணிக்கு போன் 6 டிகிரி காட்டியது. இரண்டு கம்பளிக்குள்ளும் கால் மரத்துப் போயிருந்தது. அடுப்படிதான் வீட்டிலேயே சூடான இடம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். மாணவியின் அண்ணி சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறை வருகிறார். அவர்களுடைய பையனுக்கு ஐந்து வயது, யூகேஜி. டை, ஷூ எல்லாம் போட்டு வேனுக்குத் தயாராக நின்றான்.

ஹெத்தெ டம்ளரோடு வந்து, பையனைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் ‘ஹாலு’ என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. பையன் பாட்டி முகத்தைப் பார்த்தான், அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்தான். ஹெத்தெ இன்னொரு முறை சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. அவன் கண்ணில் ஒரு பயம் வந்தது, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைகளிடம் நான் பார்க்கிற பயம். அண்ணி அம்மியிலிருந்து கை எடுக்காமலே சொன்னாள்: “மில்க்டா கண்ணா. பாட்டிக்கு மில்க் வேணுமாம், அந்தச் செம்பை எடுத்துக் குடு.”

பால். ஹாலு. தமிழில் ப வருகிற இடத்தில் படுகில் ஹ வருகிறது, கன்னடத்தில் வருவது மாதிரியே. பத்து என்றால் ஹத்து. அந்தப் பையனுக்குப் பால் தெரியும், மில்க் தெரியும். அதே வீட்டுத் தொழுவத்தில் கறந்த ஹாலு தெரியவில்லை.

வேன் போனதும் கேட்டேன், வீட்டில் எல்லோரும் படுகு பேசுகிறீர்களே, இவனுக்கு எப்படி வராமல் போனது என்று. அண்ணி கொஞ்சம் வியப்பாகத்தான் பார்த்தாள்.

“நீங்க சொன்னதுதானே மிஸ்.”

2021இல், ஊரடங்கு சமயம். இவனுக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று பயந்து, மாணவி மூலமாக எனக்கு போன் பண்ணியிருக்கிறார்கள். நான் சொன்ன பதிலை அண்ணி அப்படியே திருப்பிச் சொன்னாள். “மூணு பாஷை போட்டீங்கன்னா குழந்தை குழம்பிடும். இங்கிலீஷ், தமிழ் போதும். நாளைக்கு அதுதான் சோறு போடும்.” ஒரு எழுத்து மாறவில்லை, அது என் வாசகம். வகுப்பில் சேர வருகிற எல்லாப் பெற்றோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

“அப்புறம் ஹெத்தெகிட்டயும் சொல்லி வெச்சோம், அவன்கிட்ட படுகு பேச வேண்டாம்னு. அவங்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அதனால அவன்கிட்ட அவ்வளவா பேச மாட்டாங்க. இன்னைக்கு என்னமோ வாயில வந்திருச்சு போல.”

மூன்றரை வருஷம். ஒரே கூரைக்குக் கீழே ஒரு கிழவி தன் கொள்ளுப்பேரனிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். பார்த்திராத ஒரு டீச்சர் போனில் சொன்னாளாம் என்று.

ராகிக் களியும் உருளைக்கிழங்கு போட்ட அவரை உதக்கவும் வைத்தார்கள். உதக்க என்பது நம் குழம்பு மாதிரி, ஆனால் கெட்டியாக, அவர்களே வறுத்து அரைத்த பொடியின் வாசனையோடு இருக்கும். அருமையான சாப்பாடு. எனக்கு இறங்கவில்லை.

பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் 2021இல் சொன்னதைத் திருத்திச் சொல்ல யாருக்கும் போன் பண்ணவில்லை. என் வகுப்பிலேயே கண்ணெதிரில் ஆதாரம் இருந்தது. வீட்டு மொழியில் கதை கேட்டு, சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் ஆங்கிலத்திலும் சீக்கிரம் வாக்கியம் கட்டுகிறார்கள். சொல்ல விஷயம் இருப்பவனுக்கு மொழி வேகமாக ஒட்டிக்கொள்ளும்.

மாலையில் மாணவியின் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். துப்பதிட்டு சுட்டிருந்தார்கள், நெய் மணக்க, பூரிக்கு அண்ணன் மாதிரி. துப்ப என்றால் நெய். சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் இதைச் சொன்னேன். அவர் நிதானமான மனிதர்.

“டீச்சர், பச்சைத் தேயிலை கிலோவுக்கு இருபது சொச்சம் கிடைக்குது. பறிக்கிற கூலி, உரம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? 33 ரூபா 50 பைசா கேட்டு ஊர் ஊரா உக்காந்து போராடிப் பாத்தாச்சு. இங்கிலீஷ் இருந்ததாலதான் என் பொண்ணு நர்ஸு, என் பையன் பெங்களூரு. இல்லேன்னா ரெண்டு பேரும் இந்தச் சரிவுல கூடையோட நின்னிருப்பாங்க. தப்பா சொல்லாதீங்க இங்கிலீஷை.”

நான் தப்பாகச் சொல்லவில்லை. அதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன், அது பிள்ளைகளுக்கு என்ன திறந்துவிடுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். இந்த மலைக்கு ஆங்கிலம் நேற்று வந்ததும் இல்லை. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்து தங்கிய பங்களா பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் இருக்கிறது. இருநூறு வருஷம் ஆங்கிலத்தோடு ஒரே மலையில் இருந்தும் படுகு பிழைத்திருக்கிறது. பின்னே இந்த ஒரு தலைமுறையில் என்ன நடந்தது?

படுத்தபிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 1968இலிருந்து நமக்கு இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும். அதற்காக உயிர் விட்டவர்களின் பெயரைக் கேட்டு வளர்ந்தவள் நான், இன்றைக்கும் அதில் உறுதியாக இருக்கிறேன். தாய்மொழி ஒன்று, உலகத்துக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. ஆனால் இந்த ஹட்டிப் பையனுக்கு அந்த இரண்டுமே வெளியிலிருந்து வருகிற மொழிகள். அவனுடைய மொழிக்கு டைம்டேபிளில் பீரியடே கிடையாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சட்டத்தில் அது இருக்கிறது. பையனின் டைரியில் ‘வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசவும்’ என்று அச்சடித்திருக்கிறது. எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை, என் வகுப்பு நோட்டீஸிலும் அதே வரி உண்டு.

பிப்ரவரி 8, சனி – ஊட்டி

விடிகாலைப் பஸ். வழியில் பள்ளங்களில் புல்மேல் உறைபனி, சர்க்கரை தூவியது மாதிரி. ஊட்டிக்குள் நுழைந்ததும் சனிக்கிழமைக் கூட்டம். மதியம் ஒரு சாதாரண மீல்ஸுக்கு 180 ரூபாய் வாங்கினார்கள், ரசம் ஆறிப்போயிருந்தது. பூங்கா, ஏரி எதற்கும் போகவில்லை. மாணவிக்குத் தெரிந்த தோடர் பழங்குடிக் குடும்பம் ஒன்று முத்தநாடு மந்துப் பக்கம் இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனோம். கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தோம், கூம்பு மாதிரி உயர்ந்த புல் கூரை. பக்கத்தில் போகக் கூடாது.

வெயிலில் பாய் விரித்து ஒரு அம்மா பூத்துக்குளிச் சால்வையில் பூவேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். இந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்தில் அவர் மகள், ஒன்பது வயது இருக்கும், ஒரு சின்னத் துண்டுத் துணியில் பழகிக்கொண்டிருந்தாள்.

துணியில் பென்சில் கோடு எதுவும் இல்லை. பக்கத்தில் மாதிரிப் படமும் இல்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசியை விடுகிறார்கள். இத்தனை இழை விட்டுக் குத்து, இத்தனை தாண்டி எடு. அந்தப் பெண்குழந்தை உதடு அசைய எண்ணிக்கொண்டே குத்தினாள். குனிந்து கேட்டேன். தமிழ் எண் இல்லை, ஒன் டூ த்ரீயும் இல்லை. மூன்று வருகிற இடம் மட்டும் ‘மூத்’ மாதிரி காதில் விழுந்தது. மற்றதெல்லாம் என் காதுக்குப் பழக்கமில்லாத ஒலிகள், நாக்கின் ஓரத்தில் காற்று வழிகிற மாதிரி.

“ஸ்கூல்ல எப்படி எண்ணுவ?” என்றேன்.

“ஸ்கூல்ல இங்கிலீஷ்ல. கடைல தமிழ்ல.” ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இதுக்கு இதுலதான் எண்ணணும். இல்லாட்டி தப்பாப் போகும்.”

கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் வந்தார்கள். சால்வை விலை கேட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வரவில்லை. மகள் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். பெரியது 5,000, இந்த வேலை முடிய மூன்று மாசம் ஆகும், மெஷின் வேலை இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் தோடாவில் நடந்ததைச் சொன்னாள். மூன்று மொழி, இரண்டு நிமிஷத்துக்குள். அவளுக்கு எதுவும் குழம்பவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் அப்படி நிமிர்ந்து நின்று பேச ஆறு மாசம் ஆகிறது.

அந்த அம்மாவிடம் கேட்டேன், வீட்டில் தோடா மட்டும்தானா என்று. “வீட்ல வேற எது பேசறது?” என்று திருப்பிக் கேட்டார். நான் ஏன் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர்தான். 10,000 பேருக்குக் கீழே பேசுகிற மொழிகளை சென்சஸ் தனிப் பெயரில் வெளியிடுவதும் இல்லை. யுனெஸ்கோ வரைபடத்தில் தோடாவும் கோத்தாவும் மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கிற வரிசையில் இருக்கின்றன. படுகுக்கு 2011 கணக்குப்படி 1,30,000 பேருக்கு மேல் உண்டு, அதையும் கன்னடத்துக்குள்தான் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். ஆனால் நான் நேற்றுப் பார்த்த படுகர் வீட்டில் பிள்ளைக்கு மொழி இல்லை, இன்று பார்த்த தோடர் வீட்டில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்தது இரண்டு வாசல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு ழகரத்தைப் பற்றிப் பெருமை. ஆனால் ர, ற இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். தோடாவில் மூன்று வகை ரகரம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இளகிய ஒலி ஒன்று தனியாக, ஆக ஆறு. மொழியியலாளர்கள் கருவி வைத்து அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். எருமையை அவர்கள் ‘இர்’ என்பார்கள், கோத்தர் ‘இம்’, படுகர் ‘எம்மெ’. நம் எருமையின் உடன்பிறப்புகள் எல்லாம். நம் திராவிட மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வீடுகள் சிலவற்றில் இந்த மலையில்தான் இன்னும் விளக்கு எரிகிறது.

மகள் பழகிய துணியில் தைத்த சின்னப் பர்ஸ் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் பேச மனசு வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லாமல் கோத்தகிரி வரை நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் கழன்றுவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு – ஹட்டி

இரவே காய்ச்சல். ஹெத்தெ மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு ஒரு கஷாயம் கொடுத்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனால் மத்தியானத்துக்குள் விட்டது. கன்னேரிமுக்கு போவதாக இருந்தோம். கீழே தேயிலைக்குள் ஐந்து காட்டெருமைகள் நின்றதால் ஒரு மணி நேரம் யாரும் பாதையில் இறங்கவில்லை. முற்றத்தில் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவசரமாகப் போக வேண்டியவர்கள்கூட அதன்மேல் கோபப்படவில்லை. “அதுக்கும் பசிக்குமில்ல” என்று ஒருவர் சொன்னார்.

அதனால் நாள் முழுக்க வீட்டில்தான். மாணவி போனில் சில படங்களைக் காட்டினாள். கோவையில் ஒரு நூலகத்தில் படுகு–ஆங்கில அகராதியைப் பார்த்துச் சில பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறாள். பால் ஹாக்கிங்ஸ், கிறிஸ்தியான் பிலோ-ரைஷூர் இருவரும் செய்தது, 1992இல் பெர்லினில் வெளிவந்தது. ஒரு சொல்லைப் படிக்கச் சொன்னாள். ரோமன் எழுத்தில் படுகுச் சொல், பக்கத்தில் ஆங்கிலப் பொருள். ஹெத்தெயிடம் போய்க் கேட்பாள், அவர் திருத்துவார், அல்லது “ஆமா, எங்க அவ்வெ சொல்லுவாங்க” என்பார். அவ்வெ என்றால் அம்மா. அந்த அகராதியைப் பிரிக்க அவளுக்குத் திறவுகோலாக இருந்தது என் வகுப்பில் கற்ற ஆங்கிலம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

இந்த மொழிகளின் இலக்கணங்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935இலிருந்து 1938 வரை இந்த மலையில் கோத்தர், தோடர், படுகர் வாயிலிருந்து கேட்டு எழுதினார். படுகில் நாக்கை மடித்து ஒலிக்கும் உயிரெழுத்துகள் உண்டு, ஒரே சொல்லை ஒரு மடி மடித்துச் சொன்னால் வளையல், இன்னும் மடித்தால் பயிர் என்று 1939இல் எழுதியிருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் அரிதான ஒலி. இப்போது பெரும்பாலான ஊர்களில் அது கரைந்துவிட்டது. ஹெத்தெயிடம் வளையலைக் காட்டிச் சொல்லச் சொன்னோம். நாலு தடவை சொன்னார். ஏதோ ஒரு நெளிவு இருக்கிற மாதிரிதான் இருந்தது, நிச்சயமாகச் சொல்ல என் காது போதாது. போனில் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

அரசும் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. 2024 தமிழ்நாடு பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கோத்தகிரியில் 90.4இல் சமுதாய வானொலி படுகிலும் பழங்குடி மொழிகளிலும் பேசுகிறது. இரண்டும் நல்ல வேலை. ஆனால் ஆவணம் காது இருக்கிறவனுக்குத்தான். அடுப்படியில் யாராவது பாலுக்கு ஹாலு என்று சொன்னால்தான் வானொலியில் கேட்கும்போது புரியும்.

மத்தியானம் அண்ணியை உட்கார வைத்து, 2021இல் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். படுகு கேட்டால் அவன் ஆங்கிலம் குறையாது என்றேன். ஆங்கிலத்துக்கு நானே வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் அவனுக்குச் சொல்லித்தருகிறேன், பணம் வேண்டாம், ஆனால் ஹெத்தெயைப் பேச விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “எனக்கும் அவன்கிட்ட தமிழ்ல பேசறப்ப என்னமோ வேற வீட்டுப் பிள்ளைகிட்ட பேசற மாதிரிதான் இருக்கும் மிஸ்” என்றாள்.

ஹெத்தெயிடம் மாணவி போய்ச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “பேசலாமா டீச்சரம்மா?”

என்னிடம் அனுமதி கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தார்கள், கிழவியும் பையனும். ஒரு பருப்பு விழ, ஒந்து. இன்னொன்று, எரடு. மூரு. அவன் திருப்பிச் சொல்லவில்லை. கிண்ணத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான், விழுகிற பருப்பு வெளியே சிதறாதபடி.

பிப்ரவரி 10, திங்கள் – ஈரோடு

காலை ஏழு மணிப் பஸ். ஹெத்தெ மறுபடி தலையில் கை வைத்தார். மாணவி அந்த வாழ்த்தை முழுசாகப் பதிவு செய்துகொண்டாள். ஒரு கிலோ கேரட், ஒரு பொட்டலம் டீத்தூள், அந்த உதக்கப் பொடி, எல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். கேரட்டுக்காவது பணம் கொடுக்கிறேன் என்றதற்கு அப்பா முகம் மாறிவிட்டது, விட்டுவிட்டேன். குஞ்சப்பனை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் இளநீர் 50 ரூபாய்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. பதினாலு பேர், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகள். நோட்டீஸ் போர்டிலிருந்து அந்த வரி இருந்த தாளை எடுத்துவிட்டு, பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“யாரெல்லாம் வீட்ல தமிழ் இல்லாம வேற பாஷை பேசுவீங்க?”

யாரும் கை தூக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் வகுப்பில் அதற்கு என்ன தண்டனையோ என்று நினைத்திருக்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன், தெரிந்துகொள்ள ஆசை என்றேன். ஒரு பெண் பாதிக் கை தூக்கினாள், தெலுங்கு. அப்புறம் இன்னொருத்தி, அவளும் தெலுங்கு. கடைசி பெஞ்சில் தறிக்காரர் வீட்டுப் பையன், இரண்டு வருஷமாக என்னிடம் படிக்கிறான், எழுந்து நின்று கன்னடம் என்றான்.

“கன்னடமா! எனக்குத் தெரியவே தெரியாதே” என்றேன்.

“இல்ல மிஸ், பெங்களூர்க் கன்னடம் இல்ல” என்றான். “எங்க பாட்டி பேசறது. அது வேற மாதிரி இருக்கும்.”

“பாலுக்கு என்ன சொல்வாங்க?”

அவன் சொன்னான். வகுப்பு திரும்பி அவனைப் பார்த்தது. அடுத்து தெலுங்குப் பெண் கையை முழுசாகத் தூக்கினாள், எங்க வீட்ல வேற சொல்லுவோம் மிஸ் என்று.